கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுக்கத்தான் வேண்டுமா?

சிவகாசி டீச்சர்:

வணக்கம் தோழிகளே. எனக்கு 44 வயது. உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பத்தாவது. மகள் சுகப்பிரசவம், மகன் சிசேரியன். அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டார்கள்.

இரண்டு வருடமாக மாதவிடாய் என்னைப் படுத்தி எடுக்கிறது. முதல் மூன்று நாள் ஒரு வகுப்பு முடிவதற்குள் பேட் நனைந்துவிடும். இரண்டு பேட் வைத்து, அதற்கு மேல் பழைய பருத்திப் புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். கட்டி கட்டியாகப் போகிறது. ஒன்பது, பத்து நாள் வரை நிற்பதில்லை. எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் மைதானத்தின் அந்தக் கோடியில். எட்டாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. ஏறி முடித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், பேச்சு வராது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு என் வகுப்பைக் கீழே மாற்றிக் கொடுத்தார். இன்னொன்று, சொன்னால் விசித்திரமாக இருக்கும்: சில மாதமாகப் பச்சரிசியைப் பார்த்தால் கை தானாகப் போகிறது. ஒரு பிடி வாயில் போட்டு மென்றால்தான் மனம் அடங்குகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பதை எழுதுகிறேன். கர்ப்பப்பை வீங்கி 12 வாரக் கர்ப்பத்தின் அளவில் இருக்கிறது. பின்சுவரில் 6.2 செ.மீ. பைப்ராய்டு கட்டி. சுவரே தடித்து அடினோமையோசிஸ் போல, அதாவது உள்வரி சுவருக்குள்ளேயே வளர்ந்தது போலத் தெரிகிறதாம். உள்வரியின் தடிமன் 11 மி.மீ. சினைப்பை இரண்டும் நார்மல். ஹீமோகுளோபின் 7.4.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையை நிமிர்த்தியதும் சொன்னது, "பிள்ளை பெற்றாச்சு, இனி இந்தப் பை எதுக்கு? லேப்ராஸ்கோப்பியில, சின்னத் துளை போட்டு எடுத்துடலாம். ஓவரியையும் சேர்த்து எடுத்துட்டா பின்னால கேன்சர் பயமும் இல்லை." வெளியே வந்ததும் ஒரு பெண் 85,000 ரூபாய் என்று தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமே தேதி இருக்கிறது என்றார். மாத்திரை எதுவும் தரவில்லை. வேறு பரிசோதனை பற்றியும் பேச்சில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்மாவுக்கு, அந்தப் பை போனால் உடம்பில் தெம்பே போய்விடும் என்ற பயம். நாத்தனார் எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறார், "இவ்வளவு நாள் ஏன் இழுக்கிறே?" என்கிறார். என் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார், நல்ல மனிதர். ஆனால் டாக்டர் சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது என்கிறார். எனக்கு இதில் பேச நிறைய இருக்கிறது.

ஆபரேஷன் இப்போதே தேவையா? ஒன்றும் ஆகாத சினைப்பையை ஏன் எடுக்க வேண்டும்? கர்ப்பப்பைக்கு உள்ளே ஒரு ஹார்மோன் சாதனம் வைக்கலாம் என்கிறார்களே, அது எனக்குச் சரிப்படுமா? எடுத்தால் எத்தனை நாளில் நின்று பாடம் நடத்தலாம்? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: அதற்குப் பிறகு கணவன் மனைவி உறவு எப்படி இருக்கும்? எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இருவரும் சொல்லுங்கள்.


பாளையங்கோட்டை மீனா:

டீச்சர், சினைப்பை பற்றி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு 38 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள், என்னிடம் "கட்டியை எடுக்கிறோம்" என்று மட்டும்தான் சொன்னார்கள். என்னென்ன எடுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் தாளை வீட்டில் என் தங்கை படித்துச் சொன்ன பிறகுதான் தெரியும்.

ஒரு மாதம் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டது. ராத்திரி திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலை வரை தீப்பிடித்தது போல ஒரு சூடு ஏறும். ஜாக்கெட் முழுக்க வியர்வை, அடுத்த நிமிடமே குளிர். தூக்கம் போயிற்று. ஒன்றுமில்லாததற்குப் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். உறவைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு வறட்சியால் வலிதான் மிஞ்சியது. அது கர்ப்பப்பையை எடுத்ததால் வந்ததில்லை, சினைப்பை போய், அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோனதால் வந்தது என்று வேறொரு டாக்டர் படம் வரைந்து விளக்கினார். அவர்தான் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்தார், எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எலும்பு அதற்குள்ளேயே தேயத் தொடங்கியிருந்தது. இப்போது கால்சியம், வைட்டமின் டி, தினமும் வ.உ.சி. மைதானத்தில் நடை. பரவாயில்லை, இருக்கிறேன்.

ரத்தப்போக்கு நின்றது நிஜமான விடுதலை. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் சினைப்பைக்கு என்ன கேடு வந்தது என்று இன்றுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் மேஜையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள் டீச்சர்.


ஓய்வுபெற்ற நர்சம்மா:

டீச்சரம்மா, நான் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பெண்நோய் வார்டிலும் தியேட்டரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் அல்ல. ஆனால் இந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பச்சரிசி. அது விசித்திரம் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. இரும்புச்சத்து அடியோடு வற்றிப்போன உடம்பு இப்படித்தான் கேட்கும். சிலருக்கு அரிசி, சிலருக்கு மண், சாம்பல், ஐஸ்கட்டி. 7.4 என்பது கடுமையான ரத்தசோகை. மாடி ஏறினால் படபடப்பதற்குக் காரணம் அதுதான். கர்ப்பப்பையை எடுப்பதா வேண்டாமா என்பது அடுத்த வாரம் முடிவாக வேண்டிய காரியம் இல்லை. ரத்த அளவை உயர்த்துவது இந்த வாரமே தொடங்க வேண்டிய காரியம். இந்த அளவில் மாத்திரை மட்டும் போதாது. இரும்புச்சத்தை நரம்பு வழியாக டிரிப்பில் ஏற்றுவார்கள், அயர்ன் சுக்ரோஸ் என்று பெயர். அரசு மருத்துவமனையிலேயே போடுகிறார்கள். மாத்திரை தந்தால் காபி, டீயோடு சேர்க்காதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து நனைந்தாலோ, தலைசுற்றிக் கண் இருட்டினாலோ மட்டும் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. போக்கு அதிகம் உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடுவது. ஏறக்குறையப் பாதி அளவு குறைத்துவிடும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் ஆகாது, அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதைக்கூட எழுதிக் கொடுக்காமல் உங்களை அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், காரணம் தெரியாமல் எதையும் எடுக்கக் கூடாது. தைராய்டு பார்த்தார்களா? 40 தாண்டியவருக்கு இவ்வளவு போக்கு என்றால் உள்வரியிலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவது வழக்கம். உள்வரியில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தால் ஆபரேஷன் முறையே மாறிவிடும். அதனால் அது முதலில் தெரிய வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள்.

பைப்ராய்டு என்றதும் எல்லோரும் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். மிக மிக அரிதாகத்தான் அது புற்றாக இருக்கும். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. சிலருக்கு 52 வரை போகும். ஆக, உங்கள் முன்னால் இருப்பது இதுதான்: அந்தச் சில வருடங்களைத் தாக்குப்பிடிக்க வழி இருக்கிறதா, இல்லை இப்போதே முடித்துவிடுவதா? இரண்டுமே மரியாதையான முடிவுகள்.

தாக்குப்பிடிக்கும் வழிகளில் நீங்கள் கேட்ட ஹார்மோன் சாதனம் ஒன்று. மிரேனா என்பார்கள், நம் ஊர்த் தயாரிப்புகளும் உண்டு. அடினோமையோசிஸுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கட்டி உள்ளறையைத் தள்ளி நெளித்திருந்தால் சாதனம் நழுவி விழுந்துவிட வாய்ப்பு அதிகம். உங்கள் ரிப்போர்ட்டில் கட்டி பின்சுவரில் என்று மட்டும் இருக்கிறது. உள்ளறையைத் தொடுகிறதா என்று ஸ்கேன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயைத் தொடை அல்லது கை வழியாகப் போய் அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது, பெரிய ஊர்களில் செய்கிறார்கள். கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. ஆனால் சுவர் முழுக்க அடினோமையோசிஸ் இருந்தால் கட்டி போனபின்னும் தொந்தரவு தொடரலாம்.

இனி சினைப்பை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பையை எடுப்பது ஒரு முடிவு, சினைப்பையை எடுப்பது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே பேச்சில், ஒரே கையெழுத்தில் முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். மாதவிடாய் நிற்காத வயதில் நல்ல சினைப்பையை எடுத்தால் மீனாம்மா சொன்ன அத்தனையும் வரும், எலும்பு தேயும், இதய நோய்க்கான ஆபத்தும் கூடும். அமெரிக்காவில் பல்லாயிரம் நர்சுகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், சினைப்பையை எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்று குறைந்தது. ஆனால் மொத்த இறப்பைப் பார்த்தால் வைத்துக்கொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். தாய்க்கோ அக்கா தங்கைக்கோ சினைப்பைப் புற்று, சின்ன வயதில் மார்பகப் புற்று இருந்தால் கணக்கு வேறு. அவர்களுக்கு எடுப்பதே பாதுகாப்பாக இருக்கலாம். உங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் உண்டா என்று உங்களிடம் கேட்டார்களா?

புற்று பயத்துக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. அதனால் கர்ப்பப்பையோடு குழாய்களை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை விட்டுவைக்கலாம். ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்த உங்களுக்கு அந்தக் குழாயால் ஒரு பயனும் இல்லை. ஹார்மோனும் போகாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன்: சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு மாதவிடாய் நிற்கும் காலம் கொஞ்சம் முன்னதாக வந்துவிடும்.

உங்களுக்கு சிசேரியன் ஆகியிருக்கிறது. சிறுநீர்ப்பை அந்தத் தழும்போடு ஒட்டியிருக்கலாம். "சிசேரியன் ஆனவர்களுக்கு எத்தனை செய்திருக்கிறீர்கள், சிறுநீர்க்குழாயில் காயம் வந்தால் பார்க்க ஆள் இருக்கிறாரா?" என்று கேளுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். லேப்ராஸ்கோப்பி என்றால், பெரிதான பையை எப்படி வெளியே எடுப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். வயிற்றுக்குள்ளேயே இயந்திரத்தால் துண்டாக்கி எடுப்பது உண்டு. கட்டிக்குள் தெரியாமல் புற்று ஒளிந்திருந்தால் அது வயிற்றுக்குள் பரவிவிடக் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-ல் எச்சரித்தது. உறைக்குள் வைத்துத் துண்டாக்குவதும், பிறப்புறுப்பு வழியாகவே எடுப்பதும் அதற்கு மாற்று.

கையெழுத்து விஷயம். உங்கள் உடம்புக்குச் சம்மதம் தர வேண்டியவர் நீங்கள்தான். கணவரிடம் வாங்குவது மருத்துவமனைகளின் பழக்கம். உங்கள் சம்மதத்தின் இடத்தில் அதை வைக்க முடியாது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவரைப் பரிசோதனைக்காக மயக்கத்தில் படுக்க வைத்தார்கள். வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் உறுப்பை எடுப்பதற்கான சம்மதம் ஆகாது, சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய பெண்ணுக்காக அம்மா தந்த சம்மதமும் செல்லாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது.

நாட்டில் இது சின்னப் பிரச்சினை இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களிலேயே நூற்றுக்கு மூன்று பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆந்திராவில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு. மூன்றில் இரண்டு பங்கு தனியாரில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் வேலை நாள் வீணாகக் கூடாது என்று இளம் வயதிலேயே எடுத்துக்கொண்டது 2019-ல் வெளியே வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவது டாக்டரிடம் கேட்பது அவமரியாதை இல்லை டீச்சரம்மா, அது உங்கள் உரிமை.


கோவை கவி:

நான் அந்த ஹார்மோன் சாதனம் வைத்திருப்பவள், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கும் அடினோமையோசிஸ், கட்டி இல்லை. வைக்கும்போது ஐந்து நிமிட வலி, பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சில மாதம் தினமும் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. அதை யாராவது முன்பே சொல்லிவிட வேண்டும். தெரியாததால்தான் நிறையப் பேர் "இது சரியில்லை" என்று பாதியிலேயே எடுத்துவிடுகிறார்கள். அரை வருடம் போனபின் அடங்கியது. இப்போது மாதத்தில் ஒரு நாள் கறை மாதிரி, அவ்வளவுதான். மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன், முன்பெல்லாம் அந்த நாட்களில் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போடுவேன்.

மாதவிடாய் வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று எங்கள் ஆத்தா பயப்பட்டார். உள்வரியே மெலிந்துவிடுவதால் தங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் அவரையே அழைத்து உட்கார வைத்துச் சொன்னார். அப்படிப்பட்ட டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள் அக்கா.


தஞ்சாவூர்க்காரி:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்தால் ஆபரேஷன் என்றாலே தப்பு என்று தோன்றிவிடும். எனக்கு 46-ல் கர்ப்பப்பையை எடுத்தார்கள், சினைப்பை இருக்கிறது. அதற்கு முன் மாத்திரை, ஊசி, சாதனம் எல்லாம் பார்த்தாயிற்று. சாதனம் இரண்டு முறையும் நழுவி வந்துவிட்டது. எனக்கு அந்த ஆபரேஷன் உயிர் கொடுத்தது. கோயிலுக்குத் தேதி பார்க்காமல் போகிறேன், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் இரவு தங்குகிறேன், வெளிர் நிறப் புடவை கட்டுகிறேன். உடம்பில் தெம்பு போகும் என்று உங்கள் அம்மா சொல்வது போலவே என் மாமியாரும் சொன்னார். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெம்பு இல்லை.

உறவு பற்றிக் கேட்டதற்குக் கூச்சப்பட வேண்டாம். டாக்டர் சொன்னபடி இரண்டு மாதம் விலகியிருந்தோம், உள் தையல் ஆற வேண்டும். அதன்பின் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. எப்போது போக்கு வருமோ, எப்போது வலிக்குமோ என்ற நினைப்பு இல்லையல்லவா. கணவருக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்.

பீட் மாவட்டப் பெண்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதைக் காட்டி, தேவைப்படும் ஒருத்தியைத் தள்ளிப்போட வைப்பதும் சரியில்லை.


ஓய்வுபெற்ற நர்சம்மா:

தஞ்சாவூர் தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி. தேவைப்பட்டவளுக்கு இது மிக நல்ல ஆபரேஷன். உங்களுக்குச் சினைப்பை இருக்கிறது, எல்லா வழியும் பார்த்துவிட்டு நீங்களே முடிவெடுத்தீர்கள். மீனாம்மாவுக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை.


சிவகாசி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாளாக இங்கே வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நர்சம்மா எழுதியதை ஒரு நோட்டில் கேள்விகளாக எழுதிக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். கூட்டம் சொல்லி முடியாது, காலையில் சீட்டு எடுத்து மதியம்தான் முறை வந்தது. ஆனால் அங்கே இருந்த டாக்டரம்மா நோட்டை வாங்கி ஒவ்வொரு கேள்வியாகப் பதில் சொன்னார். தைராய்டு சரியாக இருக்கிறது. பயாப்சியில் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை. அந்தத் தாள் கைக்கு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் நார்மல். இரும்புச்சத்து டிரிப் ஏற்றினார்கள். போக்கு நாட்களுக்கு டிரானெக்சாமிக் ஆசிட். ஹீமோகுளோபின் இப்போது 10.3. பச்சரிசி மீது இருந்த ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை. மாடி வகுப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறு ஸ்கேனில் கட்டி உள்ளறையை அழுத்தி நெளித்திருப்பது தெரிந்தது. சாதனம் வைத்துப் பார்க்கலாம், ஆனால் நழுவ வாய்ப்பு அதிகம் என்றார். ரத்தக்குழாய் அடைக்கும் சிகிச்சைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அடினோமையோசிஸும் சேர்ந்திருப்பதால் தொந்தரவு முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். மாத்திரையிலேயே ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டலாம், ரத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு வழிதான் என்றார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டு வருடத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

யோசித்தேன். மாத்திரையில் போக்கு குறைந்தாலும் வலி அப்படியே இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு 52-ல்தான் நின்றது. எனக்கும் அப்படி என்றால் இன்னும் எட்டு வருடம். அத்தனை வருடம் நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து வாழ எனக்கு மனமில்லை. எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு குழாய்கள் போகும். சினைப்பைகள் இருக்கும். எங்கள் பக்கம் யாருக்கும் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இல்லை என்பதையும் சொன்னேன், அப்படியானால் எடுக்கக் காரணமே இல்லை என்றார். உள்ளே திறந்து பார்க்கும்போது சினைப்பையில் ஏதாவது தெரிந்தால் மட்டும் எடுப்போம் என்றார். அதற்குச் சம்மதித்தேன். சம்மதப் படிவத்தில் "சினைப்பைகளை அகற்றக் கூடாது, கண்ணுக்குத் தெரிந்த நோய் இருந்தால் தவிர" என்று தமிழில் என் கையாலேயே எழுத விட்டார்.

கணவரையும் அடுத்த முறை கூட்டிப்போனேன். டாக்டர் சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது என்றவர், அங்கே போய் அவரே இரண்டு கேள்வி கேட்டார். வீட்டுக்கு வந்து, ஆறு வாரம் தண்ணீர்க் குடம் யாரும் அவளைத் தூக்கச் சொல்லக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கோடை விடுமுறையில் மே முதல் வாரம் தேதி. சிசேரியன் தழும்பும் பையின் அளவும் காரணமாக வயிற்றைத் திறந்தே செய்வார்கள், பழைய தழும்பு வழியாகவே. பள்ளி திறக்கும்போது போய் நிற்க முடியுமா, பஸ்ஸில் போகலாமா என்பதுதான் இப்போது என் கவலை. நர்சம்மா, முதல் சில நாட்களுக்கு என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்வீர்களா?


ஓய்வுபெற்ற நர்சம்மா:

படித்து மனம் நிறைந்தது டீச்சரம்மா. வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறந்தால் உடனே போகாதீர்கள், மருத்துவ விடுப்பை இப்போதே எழுதி வையுங்கள். போகத் தொடங்கியதும் முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துங்கள். நம் ஊர்ச் சாலைப் பள்ளங்களில் பஸ்ஸின் கடைசி சீட்டு வேண்டவே வேண்டாம், முன்பக்கம் உட்காருங்கள்.

மருத்துவமனைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான பருத்தி நைட்டி எடுத்துப்போங்கள். பாவாடை நாடா தழும்பின் மேலேயே உட்காரும், அதனால் கொஞ்ச நாளைக்குப் பாவாடை வேண்டாம். ஒரு சின்னத் தலையணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் தையல் வலிக்காது. மறுநாளே நடக்க வைப்பார்கள். வலிக்கிறது என்று படுத்தே இருக்காதீர்கள், காலில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது. மலச்சிக்கல்தான் எல்லோரும் மறந்துபோகிற தொல்லை. கீரை, பழம், நிறையத் தண்ணீர், முக்கக் கூடாது. லேசான கறை சில வாரம் இருக்கும். காய்ச்சல், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், சிறுநீர் தானாகக் கசிவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டைத் தையல் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து பத்திரமாக வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஆபரேஷனோடு நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை சாப்பிடுங்கள்.